மச்சானின் நெஞ்சில் நான் வைத்த கை

இலங்கையில் புளத்கொகுபிட்டிய பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் என்னைக் கொலைகாரன் என்று சொல்லி அடித்தார்கள்.

பால் நிறுக்கும் இடத்தில் யார் முந்தி என்றுதான் சண்டை. என் மனைவியின் அண்ணன் செல்வம் என் சட்டையைப் பிடித்தார். நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். மனிதர் வியர்த்துக் கொட்டிச் சரிந்தார்.

"கொன்னுட்டான்டா!" அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் பால் வாளியாலேயே என் முகத்தில் அடித்தார்கள். முன்பற்கள் இரண்டு மண்ணில் விழுந்தன.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் என் கையைப் பிடித்தபடி நிற்க, டொக்டர் வெளியே வந்தார்.

"தள்ளினதால இல்ல, இது மாரடைப்பு. முந்தி ரத்தம் டெஸ்ட் பண்ணினீங்களா?"

"பண்ணினோம் சேர். சீனி வருத்தம் இல்லன்னுதான் சொன்னாங்க," என்றான் அவருடைய தம்பிகளில் ஒருவன்.

"சீனி இப்பவும் சரிதான். ஆனா ட்ரைகிளிசரைட் கொழுப்பு ரொம்ப கூட, நல்ல கொழுப்பு குறைவு. இன்சுலின் சரியா வேலை செய்யலங்கிறதுக்கு அடையாளம் அது. சீனி ஏற முன்னமே இதயத்தை அடிச்சிரும்."

எங்கள் லயத்து வீடுகளில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இல்லையென்றால் எல்லாம் சரி. அந்தத் தைரியத்தில்தான் மச்சான் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கி நக்கி பிளேன்டி என்கிற பால் விடாத தேநீர் குடித்தார்.

அவர் பிழைத்தார். நான் பொலிஸில் இருந்து தப்பினேன். கோபம் மட்டும் ஆறவில்லை. இப்போது வருடா வருடம், விடியற்காலையில் பிளேன்டியைத் தொட விடாமல், அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன். கொழுப்பையும் பார்க்கச் சொல்லி என் கையையும் நீட்டுகிறேன்.

வழியில் திமிறினால் வாயைத் திறந்து பல் போன இடத்தைக் காட்டுவேன். பேசாமல் வருவார்.