முதல் வரியில் ஒரு பிள்ளை

நேற்று என் மடிக்கணினியில் பழைய கோப்புகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்த மகள் சுகந்தி திடீரென்று சிரித்தாள். "அப்பா, டெம்ப்ளேட்டுன்னா வெறுமையா இருக்கணும்ப்பா. எதைத் திறந்தாலும் முதல் வரியில எதுக்கு என் பேரு? நிறை ஒன்பது கிலோன்னு வேற போட்டு வச்சிருக்கீங்க!"

சரிதான். கோயில் அன்னதானக் கணக்கு, சங்கத்து அங்கத்தவர் விபரம் என்று நான் செய்து வைத்திருக்கும் மாதிரித் தாள் எல்லாவற்றிலும் தலைப்புக்குக் கீழே அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். வயது போன மனுசனின் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். "அது அப்பிடித்தான், கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு தேத்தண்ணி கேட்டேன். ஆனால் மனசு தேத்தண்ணியில் இல்லை.

கொம்பியூட்டர் என்றாலே எனக்கு நனைந்த கம்பளத்தின் வாசம்தான் வரும். கண்டியில் நான் வேலை பார்த்த அலுவலகம் ரொம்பச் சின்னது. தேயிலைத் தோட்டங்களில் தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராக்களில் வளரும் குழந்தைகளை மாதாமாதம் நிறுத்து, எடை குறைந்தவர்களுக்குச் சத்துமா அனுப்புவது எங்கள் வேலை. அங்கே கொம்பியூட்டருக்கு மட்டும் தனி அறை, தரையில் கம்பளம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தூசு வரும் என்று ஜன்னல்களுக்கு ஆணி அடித்திருந்தார்கள். குளிரூட்டி இருந்தது, வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வரும் நாளில் மட்டும் ஓடும். மற்ற நாளெல்லாம் புழுக்கம்தான், எங்கள் மழைக்கால் பட்ட கம்பளம் காயவே காயாது.

நம்பமாட்டீர்கள், எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. அது சண்டைக் காலம். வெளியே போனால் தமிழனிடம் பொலிசும் ஆமியும் யார், எங்கே இருந்து வாறாய், எங்கே போகிறாய் என்று மூன்று கேள்வி. தெல்தோட்டைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் கண்டியில் ஏன் தங்கியிருக்கிறான் என்பதற்குப் பொலிஸ் பதிவு. பின்னேரம் இருட்டுமுன் போர்டிங்குக்குப் போய்ச் சேராவிட்டால் வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நடுங்கிக்கொண்டு நிற்பார். எங்காவது குண்டு வெடித்தால் அந்த வாரம் கடைக்குக்கூடப் போவதில்லை. ஆணி அடித்த அறைக்குள் எந்தக் கேள்வியும் கிடையாது.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் மாதாமாதம் புதுத் தாள் திறந்து தோட்டம், பிள்ளையின் பெயர், தாயின் பெயர், வயது, நிறை என்று அடித்து அடித்து எனக்கு வெறுத்துப்போனது. நான் பிறவிச் சோம்பேறி. கொம்பியூட்டரோடு வந்த தடித்த புத்தகத்தைப் புரட்டி ஒரு மாதிரித் தாள் செய்து, அதற்குரிய இடத்தில் போட்டு வைத்தேன். அன்றிலிருந்து புதுத் தாளைத் திறந்தால் போதும், ஐந்து தலைப்பும் தமிழில் தயாராக நிற்கும். பெருமை தாங்கவில்லை. பக்கத்து மேசை ராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அடேங்கப்பா, பெரிய கண்டுபிடிப்புதான். தலைப்புப் போட்டா போதுமா, புள்ளைங்க தானா வந்து உக்காருமா?" என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் அப்படித்தான்.

அந்தச் சமயம் தெல்தோட்டையில் இருந்த எங்கள் கிளைக்கும் ஒரு பழைய கொம்பியூட்டர் கிடைத்தது. மாதிரித் தாளை ஒரு டிஸ்க்கில் ஏற்றி, அங்கே தமிழ் எழுத்து இருக்காதே என்று எழுத்துருவையும் அதிலேயே போட்டு, பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பேராதனைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். எல்லோரும் இறங்கினோம். பையில் டிஸ்க்கைக் கண்டு என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள், மற்ற எல்லோரும் திரும்பி ஏறினார்கள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

பொலிஸ் நிலையத்து மேல் மாடியில் ஒரு கொம்பியூட்டர் மேசைவிரிப்பால் போர்த்திக் கிடந்தது. டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எழுத்துரு இல்லாத மெஷினில் 'தாயின் பெயர்' என்பது ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக வாந்தி எடுத்த மாதிரி கிடக்கும். அதிகாரி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது என்ன சங்கேதம் என்று சிங்களத்தில் கேட்டார்.

பின்னேரத்துக்குள் நான் வெளியே வராவிட்டால் விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் தோட்டத்துப் பொடியன் ஒருவனை அப்படித்தான் அனுப்பினார்கள். அவன் அம்மா இன்னும் ஸ்டேசன் ஸ்டேசனாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். கெஞ்சிக் கூத்தாடி எழுத்துருவை ஏற்றிக் காட்டினேன். குப்பை தமிழானது. அப்பாடா என்று மூச்சு விட்டேன், முட்டாள்! மடவளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அவர் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதிகாரியின் முகம் இன்னும் இறுகிப்போனது.

"தம்பி, புள்ளைட பேரு, வயசு, நிறை எல்லாம் இரிக்கி. ஆனா கீழ ஒண்டுமில்லையே. யாருட பேரெழுதப் போறீங்க, இயக்கத்துக்கு ஆள் சேக்கிற லிஸ்டா எண்டு கேக்கிறார்" என்றார் கான்ஸ்டபிள்.

இது பிறகு எழுதுவதற்கான தாள், தலைப்பு மட்டும்தான் இருக்கும் என்று மூன்று விதமாக விளக்கினேன். பெயர் இல்லாத பட்டியலை எவன் சுமந்துகொண்டு திரிவான்? எனக்கே நம்பிக்கை வரவில்லை. கடைசியில் அதிகாரி கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டார். அப்படியென்றால் எழுதிக் காட்டு என்றார்.

தெல்தோட்டைப் பிள்ளைக்காம்பராக் குழந்தைகளின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். விரல் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த மெஷினுக்குள் அதுகளின் பெயரை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி இறங்கிப் போவது? பயத்திலும் அது மட்டும் முடியாது என்று தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் யாருக்குமே இல்லாத பெயராக, சுகந்தி என்று அடித்தேன். வயது இரண்டு. நிறை ஒன்பது. தாயின் பெயரில் கை நின்றது. ராணி என்று அடித்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், வேறு பெயரே வரவில்லை.

கான்ஸ்டபிள் வாசித்து மொழிபெயர்த்தார். அதிகாரி திரைக்குக் கிட்டக் குனிந்து நிறையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏதோ முணுமுணுத்தார்.

"ரெண்டு வயசுக்கு ஒம்பது கிலோ காணாதாம். ஒங்கட சத்துமாவ ஒழுங்காக் குடுக்கச் சொல்றார். போங்க தம்பி, இருட்ட முந்திப் போய்ச் சேருங்க" என்றார் கான்ஸ்டபிள். டிஸ்க்கைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ராணியிடம் விசயத்தைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது. "என்னக் கேக்காமலே புள்ளையும் பெத்தாச்சா?" என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு அழுதாள். எங்களுக்கு மகள் பிறந்தபோது பெயருக்கு யாரும் யோசிக்கவே இல்லை.

பேராதனைச் சோதனைச் சாவடி இன்று இல்லை. மணல் மூட்டை இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். அந்த எழுத்துருவை இப்போது எந்த மெஷினும் வாசிக்காது. எங்கள் அலுவலகத்தை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. மடவளைக்காரரின் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். பிறகு தேடியும் கிடைக்கவில்லை.

சுகந்தி தேத்தண்ணியோடு வந்தாள். "எல்லாத்துலயும் அந்த வரிய அழிச்சிட்டேன்ப்பா. இப்பதான் பாக்க நல்லா இருக்கு" என்றாள். சரி மகள் என்றேன். அவள் போனதும் புதுத் தாள் ஒன்றைத் திறந்தேன். மேலே தலைப்புகள், கீழே வெறுமை. யாருடைய பெயரை எழுதப்போகிறாய் என்று கேட்க இப்போது ஒருவரும் இல்லை. இருந்தும் அந்த வெறுமையை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.

சுகந்தி என்று அடித்தேன். நிறை ஒன்பது.