முப்பத்தொரு நாள் சுருட்டாத மெத்தை

மூன்று வருடங்களுக்கு முன், நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், பீலெஃபெல்ட் நகரத்து மூன்றாம் மாடி வீட்டில் தொடங்கியது இது. என் வீட்டுக்காரருக்கு முதுகு நோ. இந்த நாட்டுக் கட்டில் மெத்தையில் படுத்தால், சேற்றில் இறங்கிய மாடு மாதிரி எழும்ப மாட்டார். அதனால் மகள் ஒரு ஃபூட்டோன் வாங்கி வந்தாள். ஜப்பான்காரர் தரையில் விரித்துப் படுக்கிற பஞ்சு மெத்தை. இங்கே அதற்கு அடியில் வைக்கப் பலகைச் சட்டமும் விற்கிறார்கள்.

"சட்டம் வேண்டாமெண்டால் ஒவ்வொரு நாளும் சுருட்டிக் காத்துப்பட வைக்கோணுமாம் அப்பா. இல்லாட்டி அடியில ஈரம் பிடிக்குமாம்" என்று கடையில் கேட்டதை ஒப்பித்தாள் மகள்.

அவருக்குத் தரைதான் பிடித்தது. விடிந்ததும் மெத்தையைச் சுருட்டிக் கதிரையின் முதுகில் சாய்த்துவிட்டு, ஜன்னலை விரியத் திறப்பார். நான் கட்டிலில் கிடந்து கத்துவேன்.

"இஞ்சேருங்கோ, என்னை இறைச்சிக்கடை ஐஸ்பெட்டியில வைக்கிற யோசனையோ?"

"உன்னை வாங்க ஆர் வரப்போறான்? போர்த்துக்கொண்டு படு."

இரண்டு வருடம் இதே சண்டைதான். ஒரு மார்கழிக் காலை, மெத்தையைச் சுருட்டக் குனிந்தவர் அப்படியே அதில் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

மெத்தை விரித்தபடி கிடந்தது. அவர் படுத்த பள்ளமும், தலைமாட்டில் நோவெண்ணெய் மணமும். எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் விளக்கு வைத்தேன். மணம் போய்விடுமென்று ஜன்னலை இறுகப் பூட்டினேன். ஹீட்டரையும் கூட்டிவிட்டேன், செத்த மனுசனுக்குக் குளிருமாம்!

"அம்மா, ஒருக்கா எண்டாலும் தூக்கி நிமித்துவம்" என்றாள் மகள்.

"தூக்கினால் உன்ர அப்பர் விழுந்திடுவார். போ."

சில நாளாக ஒரு புளித்த மணம் வந்தது. கீழ்வீட்டுக்காரி முட்டைக்கோவா அவிக்கிறாள் என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தியேட்டி முடித்து வந்து, நானும் மகளும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினோம். அடி முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். தரைப்பலகையும் கறுத்து ஊதிப்போயிருந்தது. தலைமாட்டில் முகத்தை வைத்து மணந்து பார்த்தேன். ஈரச்சாக்கு மணம். திருப்பித் திருப்பி மணந்தேன். அவர் இல்லை.

"கழுவி வெயிலில போடுவம் பிள்ளை, சரி வரும்."

"தை மாதத்தில வெயிலுக்கு எங்கயம்மா போறது?" என்று அவள் அழத் தொடங்கினாள்.

பெரிய சாமான்களைக் குப்பைக்கு எடுக்கிற நாளில், உடைந்த அலுமாரி ஒன்றுக்குப் பக்கத்தில் அதைத் தெருவோரம் வைத்தோம். நானேதான் சுருட்டிக் கட்டினேன். அவர் சுருட்டுகிற மாதிரி வரவில்லை.

இப்போதும் நான் கட்டிலில்தான் படுக்கிறேன். விடிந்ததும் எழும்பி ஜன்னலை விரியத் திறந்துவிட்டு நிற்கிறேன், ஆனால் குளிருது என்று நான் சண்டை பிடிக்க ஆள் இல்லாத வீட்டுக்குள் எவ்வளவு காற்று வந்துதான் என்ன.