கடைசியாக விழுந்த ஏழு

போர் முடிந்து, நாங்கள் இந்திய முகாமில் இருந்து மன்னாருக்குத் திரும்பிய அடுத்த வருஷம் அது. அரிப்பு என்ற கடற்கரைக் கிராமத்தில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். கணவருக்கு ஒரு படகு கிடைத்திருந்தது, எஞ்சின் கிடைக்கவில்லை. அந்தப் படகுக்குள் எங்கள் கோழி அடைகாத்தது, அவ்வளவுதான் பிரயோசனம்.

அப்போது வெளிநாட்டில் இருந்து ஊர் பார்க்க வந்த ஒருவர் புது எஞ்சின் ஒன்று தருவதாகச் சொன்னார். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று, அதைப் பரிசாக வைத்து ஒரு போட்டி நடத்தினார். போக்கர் என்ற சீட்டாட்டம். எங்கள் ஊரில் சீட்டைக் கடுதாசி என்போம். காசு வைக்கக்கூடாது என்று தேவாலயத்துப் பங்குச்சுவாமி சொல்லிவிட்டதால், வீட்டுக்கு ஒருவர், ஆளுக்கு ஒரு குவியல் சிப்பி. சிப்பி முடிந்தவர் எழும்பிப் போகவேண்டும்.

கணவருக்குக் கடுதாசி பிடிக்கவே தெரியாது. நான் முகாமில் முந்நூற்றிநாலு என்ற கடுதாசி விளையாட்டு ஆடி எல்லோரையும் ஓடவைத்தவள். அதனால் நான்தான் ஆடப் போய் இருந்தேன்.

“அக்கா, அடுப்பில சோறு அடிப்பிடிக்கப் போகுது” என்று ஆட வந்த ஒருவர் நக்கலாக நெளித்தார்.

“பிடிச்சால் உங்களுக்குத்தான் தருவன்” என்றேன்.

பின்னேரம் நாலு பேர் மிஞ்சினோம். நெளித்தவர் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் என்னிடமும் சிப்பி குறைந்துகொண்டே வந்தது. நல்ல கடுதாசி வந்தாலும் வராவிட்டாலும் முறைக்கு முறை கொஞ்சம் வைத்தே ஆகவேண்டும், அந்தக் கணக்கும் ஏறிக்கொண்டே போகும். குந்தித் தின்றால் குன்றும் மாளும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வைப்பதென்றால், மற்றவர்கள் பயப்படும் அளவுக்குக் கையில் இருக்கும்போதே வைக்கவேண்டும்.

அப்போது எனக்குக் கடுதாசியிலேயே பெரியதான ஆசு ஒன்றும் ஒரு ஒன்பதும் வந்தன. பரவாயில்லாத கை. பின்னால் நின்ற கணவர் குனிந்து, “பொறு. இன்னும் நல்ல கடுதாசி வரும்” என்றார்.

போர்க் காலத்தில் கடற்கரையில் நின்றும் அவர் இதைத்தான் சொன்னார்: “பொறு, சண்டை ஓயும்.” நான்தான் கேட்கவில்லை. இப்போது போகாவிட்டால் பிறகு ஏலாது என்று பிடிவாதமாக எல்லோரையும் இந்தியாவுக்குப் போகும் படகில் ஏற்றினேன். படகோட்டி எங்களை நடுக்கடலில் ஒரு மணல் திட்டியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். குடிக்கத் தண்ணீர் இல்லை. யாரோ வந்து ஏற்றுவதற்குள் எங்கள் நாலு வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஐயோ, ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சிப்பி முழுவதையும் நடுவுக்குத் தள்ளினேன். இரண்டு பேர் கடுதாசியைக் கீழே போட்டார்கள். பெரிய குவியல் வைத்திருந்த அடுத்த ஊர் மீனவர் மட்டும் யோசித்து யோசித்து, எனக்குச் சமமாக வைத்தார். கையில் இருந்த இரண்டு கடுதாசிகளையும் திறந்து காட்டினோம். அவரிடம் ராணியும் ஏழும். என் கைதான் பெரிது. பிறகு இருவருக்கும் பொதுவான ஐந்து கடுதாசிகள் நடுவில் ஒவ்வொன்றாக விழுந்தன, முதல் நாலில் இருவருக்கும் ஒன்றும் சேரவில்லை. கடைசியாக விழுந்தது ஏழு. அவருக்குச் சோடி சேர்ந்துவிட்டது, என் ஆசு தனியே கிடந்தது. எஞ்சின் போய்விட்டது.

“நீங்கள் பிழை விடேல்லை, தங்கச்சி” என்றார் அவர். “நானெண்டாலும் அப்பதான் வைச்சிருப்பன். கடைசிக் கடுதாசி அப்பிடி விழுந்தால் ஆர் என்ன செய்யிறது?”

தலையாட்டிவிட்டு எழும்பினேன். இருவரும் வீட்டுக்கு நடந்தோம். வேலியடிக்கு வந்ததும் கணவர் நின்றார்.

“அண்டைக்குக் கடற்கரையிலயும் நீ பிழை விடேல்லை” என்றார்.

அப்படியே மணலில் குந்திக் குழறி அழுதேன். தெருவில் போனவர்கள் எஞ்சினுக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவரும் பக்கத்தில் குந்தினார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் மகளின் பெயரை இருவரும் வாய்விட்டுச் சொன்னோம்.

அவர் இன்றைக்கும் மற்றவர்களின் படகில்தான் கூலிக்குப் போகிறார். அன்று கடற்கரையில் நான் எடுத்த முடிவு சரிதான், ஆனால் பிள்ளை இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சுமந்து நடக்க இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.