வெற்றிலை போடாத வாய்

பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் கரி பஸ்ஸில்தான் மாதப்பனை நான் முதன்முதலில் பார்த்தது. இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் அடுப்புக்கரிப் புகையில் ஓடிக்கொண்டிருந்தன. முன் இருக்கையில் ஒருத்தி புருஷன் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் வாயோரம் வழிந்த சிவப்பைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் கத்தினார்.

"ஏம்மா மவராசி! எச்சியை வெளியில துப்பக் கூடாதா? வண்டி என்ன உங்க வூட்டுக் கொல்லையா?"

புருஷன்காரன்தான் மாதப்பன். அவன் தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த துணியால் அவள் வாயை ஒற்றிக்கொண்டே, "வெத்தலை இல்லீங்க சாமி, ரத்தம்" என்றான்.

மற்றதெல்லாம் பின்னாளில் மாதப்பன் வாயாலேயே, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது.

மாதப்பன் ஊட்டமலைக்காரன். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டினான். பெண்டாட்டி செல்லிக்கு வெற்றிலை என்றால் உயிர். "உன்னைக் கட்டினதுக்கு ஒரு வெத்தலைக் கொடிக்காலைக் கட்டியிருக்கலாம்" என்று சீண்டுவான். "கட்டியிருக்கறது! கொடிக்கால் உனக்குக் களி கிண்டிப் போடுமா?" என்பாள் அவள்.

அந்த வருஷம் கோடையில் செல்லி சோர்ந்துபோனாள். குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. லேசாக இடித்துக்கொண்டாலும் கையில் நீலம் பாரித்தது. ஈறு பல்லை மூடுகிறமாதிரி உப்பியது. எச்சில் சிவந்திருந்ததை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. கவனித்துத்தான் என்ன? அவள் எச்சில் என்றைக்கும் சிவப்புத்தானே!

அப்போதுதான் ஏரியூரில் அவள் ஆத்தா செத்துப்போனாள். கருமாதி முடிகிறவரை பெற்ற பிள்ளைகள் வெற்றிலை தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். புதைத்த இடத்தில் பால் தெளித்த மறுநாள் காலையில் செல்லி வேலியோரம் துப்பினாள். மண் சிவந்தது. பங்காளிகள் பார்த்தார்கள். மாதப்பனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏண்டி, ஆத்தாளைப் பொதைச்ச ஈரம் காயலை, அதுக்குள்ள திருட்டு வெத்தலையா? நாலு பேரு முன்னால என் மானத்தை வாங்கறியே!"

செல்லி கிட்டே வந்து வாயைத் திறந்து காட்டினாள். நாக்கு வெளுத்துக் கிடந்தது. ஈறுகளிலிருந்து, பல்லுக்குப் பல், ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"சுண்ணாம்பு ஈறைத் தின்னுபுட்டுது" என்றாள் செல்லியின் அக்கா சின்னக்கா. எல்லோருக்கும் அதுதான் சரியென்று பட்டது. பென்னாகரம் சந்தையில் பல் பிடுங்கும் ராஜப்பனிடம் மாதப்பன் அவளைக் கூட்டிப்போனான். ராஜப்பன் ஒரு பல்லை அசைத்துப் பார்த்தான்.

"வேர் அழுகிருச்சு. இதை எடுத்துட்டா ஈறு தானா ஆறிரும்."

செல்லி புருஷனைப் பார்த்தாள். "எடுக்கட்டுமா மாமா?"

"எடுத்துருவோம் புள்ளே."

பல் வந்தது. ரத்தம் நிற்கவில்லை. படிகாரம் வைத்தார்கள், மஞ்சள் வைத்தார்கள். வைத்த பஞ்செல்லாம் நனைந்து வந்தது. மறுநாள் காலையில்தான் அந்தக் கரி பஸ்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் செல்லியின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு மாதப்பனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது பல் வியாதி இல்லைப்பா. ரத்தத்துல வெள்ளை அணுன்னு ஒண்ணு உண்டு. இவங்களுக்கு அது முத்தாமலே கண்டபடி பெருகிருச்சு. ஈறுல போய் அடைஞ்சுதான் இந்த வீக்கம். ரத்தத்தை உறைய வைக்கிற அணு குறைஞ்சுபோச்சு, அதான் நிக்கமாட்டேங்குது."

"பல்லைப் பிடுங்காம இருந்திருந்தா, சாமி?"

"இன்னும் கொஞ்ச நாள் கூட இருந்திருக்கலாம். தப்பிச்சிருக்க மாட்டாங்க."

"மருந்து?"

"இதுக்கு எந்த ஊர்லயும் மருந்து இல்லைப்பா."

மாதப்பன் கட்டிலுக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். வியாதியைப் பற்றி அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வேலியோரம் கத்தினது மட்டும் நெஞ்சை அறுத்தது.

"புள்ளே, அன்னிக்கு நான்..."

"வுடு மாமா." வீங்கிய வாயால் சிரிக்கப் பார்த்தாள். "திருட்டு வெத்தலைக்காரின்னே. இப்ப அந்தத் திருடியத்தான் ஊர் ஊராச் சொமக்கறே." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "ஆத்தா கருமாதிக்கு என்னைக் கொண்டுபோயிரு. பங்காளிங்க முன்னால நீயே சொல்லு, நான் வெத்தலை போடலைன்னு."

"கொண்டுபோறேன்" என்றான்.

கொண்டுபோக முடியவில்லை. கருமாதிக்கு முன்பே செல்லி சேலத்து ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள்.

மாதப்பன் மட்டும் ஏரியூருக்குப் போனான். சடங்கு முடிந்து பந்தியில் இலை போடும் சமயம் எழுந்து நின்றான். "எம் பொண்டாட்டி வெத்தலை போடலீங்க" என்றான். பங்காளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் பேச்சு காதில் விழாததுபோல் யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள். அதனால் இன்னொரு தரம், உரக்கச் சொன்னான். சின்னக்கா ஓவென்று அழுதாள்.

மாதப்பன் இப்போது பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருக்கிறான். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.