பட்டன் டப்பாவில் ஒன்பது வகை மாத்திரை

நூலக்கா ஒரு சட்டையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நோயாளிகளுக்குக் கொடுக்கும் சட்டை. முந்தின நாள் கைவலியோடு தைத்தபோது அவளே அதன் வலது கை முனையைத் திறப்பில்லாமல் மூடித் தைத்துவிட்டாள். மேலே வார்டில் ஒரு பெரியவர் கையை உள்ளே விட்டுத் துழாவிவிட்டு, "இது கையா, பையா?" என்று கேட்டிருக்கிறார். வார்டே சிரித்தது. சட்டை அடித்தளத்திலுள்ள தையல் அறைக்குத் திரும்பி வந்தது.

பிளேடு அவள் விரலில் நிற்கவில்லை. நாலு தையல் பிரித்தாள், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், சட்டையைச் சுருட்டி மெஷின் இழுப்பறைக்குள் போட்டாள். அங்கே மடித்த ஒரு காகிதம் இருந்தது. நான் எடுத்துப் பிரித்தேன். வேலையை விடுகிறேன் என்று மேற்பார்வையாளருக்கு எழுதியிருந்தாள்.

"எப்போ குடுக்கப்போற?"

"வெள்ளிக்கிழமை. இருபத்திரண்டு வருஷத்துல மேல போன தையல் ஒண்ணுகூடக் குறைன்னு கீழ வந்ததில்லக்கா. வந்துடுச்சு. அவங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடறேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. நான் அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி பெற்று, முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புதிதாகச் சேரும் உதவியாளர்களுக்கு, படுக்கையில் கிடப்பவரை எப்படிப் புரட்டுவது என்று சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு நாள் இன்னும் போகிறேன். நடுவில் டீ குடிப்பது தையல் அறையில்தான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள் என்றாலும் ஊருக்கெல்லாம் அவள் நூலக்கா, எனக்கும் நூலக்கா.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு குழல் விளக்கு, ஒரு மெஷின், கூரை வரை அடுக்கிய போர்வைகள். ஒருமுறை பக்கவாதம் வந்த ஒரு அம்மாளுக்குச் சட்டை மாற்ற நான் மல்லுக்கட்டியதை அவள் பார்த்துவிட்டாள். மறுவாரமே ஒரு கையால் இழுத்தால் அவிழ்கிற மாதிரி நாடா வைத்து ஆறு சட்டை தைத்து அனுப்பினாள். யாரும் கேட்கவில்லை. இப்படிப்பட்டவளை ஒரு மூடிய கைக்காக அனுப்பிவிட எனக்கு மனமில்லை.

"கை வலி, முழங்கால் வலிக்கெல்லாம் என்ன பண்றே?" என்று கேட்டேன்.

பட்டன் டப்பாவைத் திறந்து காட்டினாள். பட்டன்களுக்கு நடுவே மாத்திரைகள். எலும்பு வார்டு நர்ஸ் கொடுத்தது, மருந்துக்கடைப் பெண் கொடுத்தது, எக்ஸ்ரேக்காரர் தன் மாமியாருக்கு வாங்கியதில் மிஞ்சியது. எண்ணினேன், ஒன்பது வகை. லிப்ட்காரர் முழங்காலுக்கு ஒரு பட்டையும் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களின் வியாதி இது. படியில் போகிற வருகிறவர்கள் எல்லாம் வைத்தியம் சொல்வார்கள். உட்காரவைத்து ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"எழுந்து நில்லு," என்றேன்.

இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் எழுந்தாள். முழங்காலில் வீக்கமில்லை, சூடுமில்லை. ஆனால் கீழே கணுக்கால் எலும்பை லேசாக அழுத்தியதற்கே "அம்மா" என்றாள். மூட்டு மட்டும் நொந்துபோனவள் எலும்பை அழுத்தினால் ஏன் கத்த வேண்டும்?

"நீ கடைசியா வெயில்ல நின்னது எப்போ?"

"பஸ்ஸுக்கு தினம் நிக்கிறேனே."

"விடியறதுக்கு முன்னாடி வர்ற பஸ்ஸு. இருட்டினப்புறம் போற பஸ்ஸு. ஞாயித்துக்கிழமை?"

"தூங்குவேன்."

"கிழங்கு மாதிரி மண்ணுக்கடியிலேயே இருந்திருக்க. கிளம்பு."

பதிவு ஜன்னலில் இருந்த பையன், "யாருக்குக்கா சீட்டு?" என்றான். "எனக்குத்தான்" என்று அவள் சொன்னபோது அவன் நம்பவில்லை. பழக்கத்தில் சீட்டில் நூலக்கா என்றே எழுதிவிட்டு, பிறகு அடித்துச் சரியான பெயரைப் போட்டான். இருபத்திரண்டு வருடத்தில் அவள் பெயரில் விழுந்த முதல் சீட்டு அதுதான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அவள் கோட்டில் பட்டன் தைத்ததும் நூலக்காதான். "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டதும் நான் டப்பாவை மேசைமேல் கவிழ்த்தேன். டாக்டர் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள்.

"இந்த வெள்ளை எதுக்கு?"

"அது பட்டன், டாக்டர்," என்றாள் நூலக்கா.

மாத்திரைகள் மட்டும் டாக்டரின் குப்பைக் கூடைக்குப் போயின. "மூட்டு வலிக்கு நூறு காரணம் இருக்கு. ரத்தம் பார்க்காம நான் எதுவும் சொல்லமாட்டேன்," என்றாள்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. நூலக்காவின் வீட்டுக்காரரும் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். பஸ் பணிமனையில் மெக்கானிக். மனைவிக்கு பேரிங் தேய்ந்துவிட்டது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டு, தினமும் எண்ணெய் காய்ச்சித் தடவியவர்.

"வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கு," என்றாள் டாக்டர். "மத்ததெல்லாம் சரியா இருக்கு. அது கம்மியானா எலும்பும் தசையும் வலிக்கும். ஆனா வலி முழுக்க இதனாலதான்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். சரிபண்ணிப் பார்ப்போம். மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கணும். நடுவுல மூட்டு வீங்கினாலோ, காலையில ரொம்ப நேரம் விறைச்சுக்கிட்டாலோ உடனே வாங்க."

"அப்போ டாங்க் காலியா கிடந்த வண்டிக்கு நான் பேரிங்கைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார் மெக்கானிக்.

"எண்ணெய் தடவினது சுகமாத்தான் இருந்துச்சு. அதை நிறுத்திடாதீங்க," என்றாள் நூலக்கா.

மாத்திரை வாரத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று தினம் ஒன்று விழுங்கக் கூடாது, அதிகமானாலும் கெடுதல் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னாள். கொஞ்ச நேரம் வெளியே வெயிலில் இருக்கச் சொன்னாள். வெளியே வந்ததும் நூலக்கா என் பக்கம் திரும்பினாள்.

"மூணு மாசம் கழிச்சும் வலி போகலைன்னா?"

"அப்போ அடுத்த காரணத்தைத் தேடுவாங்க. தொண்ணூத்தொன்பது மிச்சம் இருக்கே. அந்தக் காகிதத்தை அப்போ குடு."

காகிதம் இன்னும் இழுப்பறையில்தான் இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை எனக்கு முறை இல்லாவிட்டாலும் போனேன்.

மேற்பார்வையாளர் அறையில் அவள் எனக்கு முன்பே நின்றிருந்தாள். கையில் இருந்தது டாக்டர் சீட்டு. தினமும் பத்து மணிக்கு அரைமணி நேரம் சலவைக்கூடத்துக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்து வேலை செய்ய அனுமதி வேண்டும் என்றாள்.

"மெஷினையெல்லாம் மேல தூக்க முடியாதும்மா," என்றார் அவர்.

"மெஷின் வேண்டாம் சார். கை வேலையை எடுத்துட்டுப் போறேன். பட்டன், நாடா, பிரிக்கிறது."

"அந்த மூடின கைச் சட்டையைக் கூடவா? பெரியவர் அதைக் கேட்டுக்கிட்டே இருக்காராம். மூக்குக்கண்ணாடி வச்சுக்க வசதின்னு."

அவளுக்கு முகம் சிவந்தது. பிறகு அவளும் சிரித்துவிட்டாள். அனுமதி கிடைத்தது.

பத்து மணிக்கு அங்கே தள்ளுவண்டிகளைக் கழுவும் முற்றத்தில் ஒரு முக்காலி போட்டேன். அவள் தன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி பெரியவரின் சட்டையைப் பிரித்தாள். நாலு தையலுக்கு ஒருமுறை நிறுத்தி விரலை நீட்டி மடக்கினாள். வலி அப்படியேதான் இருந்தது. ஒரு மாத்திரையில் போகிற வலியும் இல்லை. ஆனாலும் அந்தச் சட்டையின் மூடிய கை முழுவதும் திறந்துவிட்டது. வெட்டிய நூல் துணுக்குகளைப் போட அவளுக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்து, அதில் கொட்டிப் பொட்டலமாக மடித்து, என்னிடம் நீட்டினாள்.

"குப்பையில போட்டுடுங்கக்கா."

போட்டேன். பிறகு, நோயாளியை எழுப்புகிற முறைப்படி, முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து அவளை எழுப்பினேன்.