மேலுதைப்புப் பாடமும் வித்தியாதரிசியும்

1. லத்தீனா, தமிழா?

மார்கழி விடுமுறைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பாடசாலை அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் தந்தார். அவர் தேநீர் தந்தால் செய்தி நல்லதல்ல என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும்.

"பாதர், தையிலயிருந்து விஞ்ஞானமும் தமிழிலதான். மேலிடத்து உத்தரவு," என்றார். "ஏலுமெண்டா இருங்கோ. ஏலாதெண்டா மலைநாட்டில ஒரு குருமடத்தில லத்தீன் படிப்பிக்க ஆள் தேடினம். நல்ல குளிரான இடம்."

நான் அமெரிக்காவின் தென்பகுதியில் ஓர் ஆற்றுத் துறைமுகத்தில் பிறந்தவன். அப்பா இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர். இயேசு சபையில் சேர்ந்து குருவாகி, திருகோணமலைக்கு வந்து அப்போது ஆறு வருடம். ஆறு வருடமும் பௌதிகத்தை ஆங்கிலத்தில்தான் படிப்பித்தேன். என்னிடம் இருந்த தமிழ் இரண்டு வகை. ஒன்று பூசைத் தமிழ்; எழுதி வைத்து வாசிப்பது. மற்றது சந்தைத் தமிழ். விடுதிக் குசினிக்கு மீன் வாங்குவது என் பொறுப்பு. "இது நேற்றைய மீனல்லோ" என்று தடுமாறாமல் சொல்ல வரும். இந்த இரண்டிலும் பௌதிகத்துக்கு ஒரு சொல்கூட இல்லை.

லத்தீன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் லத்தீனுக்கு ஆய்வுகூடம் தேவைப்படாது. எங்கள் ஆய்வுகூட மேசைகளை நானே சீவிப் பூட்டியிருந்தேன். "ஏலும்" என்று சொல்லிவிட்டேன். பயம் வெளியே வந்த பிறகுதான் வந்தது.

2. ஹனீபா மாஸ்டர்

கைகொடுத்தவர் கணிதம் படிப்பித்த ஹனீபா மாஸ்டர். மூதூர்க்காரர். திங்கள் காலை குடாவைக் கடக்கும் லோஞ்சுப் படகில் வந்து இறங்கி, வெள்ளி பின்னேரம் திரும்பிப் போவார். பாடசாலை விட்டதும் இருவரும் கலைச்சொல் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு இருப்போம். வேகம் கூடிக்கொண்டு போவதற்கு ஆர்முடுகல் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு என் நாக்கு வளைய நாலு நாள் எடுத்தது.

"மாஸ்டர், இந்தச் சொல்லை இதுக்கு முதல் ஆராவது சொல்லிக் கேட்டிருக்கிறீங்களோ?"

"இல்ல பாதர். எனக்கும் புதுசுதான். ஆனா நான் பிழையாச் சொன்னா ஒருத்தனும் சிரிக்க மாட்டான். உங்களுக்குச் சிரிப்பாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

தை பிறந்தது. முதல் வாரமே அவர் சொன்னது நடந்தது. ஒரு பொருளில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது என்பதற்குத் திணிவு என்று பெயர். நான் கரும்பலகையில் பெரிய எழுத்தில் 'விசை = துணிவு × ஆர்முடுகல்' என்று எழுதினேன்.

"அது சரிதான் பாதர்," என்றது பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல். "துணிவு இருந்தாத்தான் விசை வரும்."

வகுப்பு சிரித்தது. காரணம் தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். மத்தியானச் சாப்பாட்டின்போது ஹனீபா மாஸ்டர் விளக்கினார்.

3. ஆறாவது நிமிடம்

மாசியில், பாடசாலைகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வருவதாகக் கடிதம் வந்தது. வெளிநாட்டுக்காரர் உண்மையில் தமிழில் படிப்பிக்கிறார்களா என்று வகுப்பில் இருந்து பார்க்கப் போகிறாராம். அதிபர் திரும்பவும் தேநீர் தந்தார்.

"அவர் வேண்டாமெண்டு எழுதினா நான் ஒண்டும் செய்ய ஏலாது, பாதர்."

மேலுதைப்பு என்ற பாடத்தைத் தெரிந்தெடுத்தேன். தண்ணீரில் அமிழ்ந்த பொருளைத் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் விசை அது. நாற்பது நிமிடத்துக்கு ஒவ்வொரு வசனமாக எழுதி, ஹனீபா மாஸ்டர் திருத்தித் தர, பத்து நாள் மனப்பாடம் செய்தேன். கடைசி நாள் அவரை முன்வாங்கில் இருத்தி முழுவதையும் ஒப்புவித்தேன்.

"நல்லா இருக்கு. ஆனா நடுவில ஆராவது நிப்பாட்டினா, திரும்ப முதல்லயிருந்துதான் தொடங்குவீங்க போல," என்றார்.

வித்தியாதரிசி மெலிந்த மனிதர். வெள்ளைக் கோட்டு, கையில் குடை. கடைசி வாங்கில் போய் இருந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். நான் தொடங்கினேன். ஆறு நிமிடம் வண்டி தண்டவாளத்தில் ஓடியது. அப்போது சல்லிக் கிராமத்திலிருந்து வரும் சிவராசா கை உயர்த்தினான். மீன்பிடிக் குடும்பத்துப் பையன். அதுவரை அவன் குரலை நான் வரவு இடாப்புக் கூப்பிடும்போது மட்டும்தான் கேட்டிருந்தேன்.

"பாதர், நங்கூரக் கல்லு தண்ணிக்குள்ள இருக்குமட்டும் லேசா வருது. மேல வந்த உடன கை முறியுது. அதுவும் இந்த மேலுதைப்போ?"

அருமையான கேள்வி. என் மனப்பாடத்தில் அது இருபத்தைந்தாவது நிமிடத்துக்கு உரியது. ஆறாவது நிமிடத்திலேயே வந்ததால் எல்லாம் கலைந்துபோயிற்று. வாயில் வந்தது சந்தைத் தமிழ்தான்.

"தம்பி, எனக்கு விளங்குது. சொல்லத்தான் தமிழ் காணாது. நீர் முன்னுக்கு வந்து சொல்லும்."

அவன் வந்து, கயிறு இழுப்பது எப்படி என்று கையால் காட்டிச் சொன்னான். நிலாவெளிப் பையன் ஒருவன் எழும்பி, "அதே கல்லுத்தானே, பாரம் எப்படிக் குறையும்?" என்று கேட்டான். கிண்ணியாவிலிருந்து வந்தவன், ஆற்றுத் தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் கூடத் தூக்கும் என்றான். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

"கதைச்சது காணும். நிறுத்துப் பாப்பம்," என்றேன்.

குசினியிலிருந்து வாளி வந்தது. ஒரு கல்லைக் கட்டி விற்றராசில், அதாவது சுருள்வில் தராசில், தொங்கவிட்டோம். தண்ணீருக்குள் இறக்கியதும் முள் சரசரவென்று பூச்சியத்தை நோக்கி மேலே ஏறியது. எல்லோரும் வாளியைச் சுற்றி நெருக்கினார்கள். நான் பிழையான சொல்லைச் சொன்னபோதெல்லாம் மூன்று பேர் திருத்தினார்கள். "கனமில்ல பாதர், நிறை." நிலாவெளிப் பையன் நாலு தரம் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்சி மாறினான்.

தற்செயலாகக் கடைசி வாங்கைப் பார்த்தேன். ஆளில்லை.

"நானும் ஒருக்காப் பிடிச்சுப் பாக்கலாமோ?" என்று என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வித்தியாதரிசி கோட்டுக் கையை மடித்துக்கொண்டு நின்றார்.

4. அறிக்கை

மணி அடித்த பிறகு, ஆசிரியர் அறையில் என் முன்னால் இருந்த கதிரையில் இருந்தார்.

"உங்கட தமிழ் பிழை, பாதர். ஒருமை பன்மை ஒண்டும் இல்லை."

"ஓம்."

"பாதிப் பாடத்தைப் பிள்ளையள்தான் நடத்தினவை."

"ஓம்."

லத்தீன் இலக்கணம் எனக்கு எவ்வளவு மறந்துபோயிற்று என்று மனதுக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன்.

"முதல் ஆறு நிமிஷம் நீங்கள் தனியப் படிப்பிச்சனீங்கள். தமிழ் திறம். எனக்குப் பக்கத்தில ரெண்டு பேர் நித்திரை." புத்தகத்தை மூடினார். "ஆளை மாத்தத் தேவையில்லை எண்டு எழுதுறன். ஆனா இனிப் பாடமாக்கிக்கொண்டு வராதேங்கோ."

அந்த வெள்ளிக்கிழமை ஹனீபா மாஸ்டரை வழியனுப்ப லோஞ்சுத் துறைக்குப் போனேன். நடந்ததை மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் படகில் ஏறும் பலகையில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எல்லாம் சரி பாதர். நாளைக்கு உங்கட தமிழ் நல்லா வந்திட்டா என்ன செய்வீங்க? திரும்ப நீங்க மட்டும்தான் கதைப்பீங்களா?"

லோஞ்சு புறப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அதே ஆய்வுகூடத்தில் படிப்பித்தேன். தமிழும் ஓரளவு வந்தது. புதிதாக வரும் ஆசிரியர்கள், வகுப்பு அமைதியாக இருக்க என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆறு வருடம் நான் ஆங்கிலத்தில் படிப்பித்தபோது என் வகுப்பில் ஒருவரும் கை உயர்த்தவில்லை. அதை ஒழுக்கம் என்று நம்பி, ஒவ்வொரு வருட அறிக்கையிலும் பெருமையாக எழுதினேன்.