விளம்பரத்தில் ஒரு படகு

சில வருடங்களுக்கு முன், சிங்கப்பூர் தேக்காவில் தீபாவளிச் சந்தை போட்டிருந்த சமயம். சுவா சூ காங்கிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் மீன் வாங்கப் போயிருந்தோம். பக்கத்து வங்கியின் கண்ணாடியில் ஒரு பெரிய விளம்பரம். எங்கள் வயதுக் கணவனும் மனைவியும் படகில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள்.

அவர் மீன் பையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"காசிதான்லா இது. நாம ரெண்டு பேருந்தான் உக்காந்திருக்கோம், பாரு."

அது எந்த ஊர் ஆறோ! லாரி ஓட்டிய காலத்திலிருந்தே என்னைக் காசிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கென்று சேர்த்த பணம் அதே வங்கியில்தான் கிடந்தது.

உள்ளே ஒரு தமிழ் அதிகாரி பொறுமையாக விளக்கினார். யூனிட் டிரஸ்டாம்; தமிழ்நாட்டில் மியூச்சுவல் ஃபண்ட் என்பார்களாம். பல பேர் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடுவது என்றார். எனக்குச் சீட்டு நினைவுதான் வந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக் பெண்கள் போடும் சீட்டில், யாருக்காவது அவசரம் என்றால் அந்த மாதமே முழுதாக எடுத்துக் கொடுத்துவிடுவோம். இதுவும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டேன். வாய்திறந்து கேட்கக் கூச்சம்.

"உங்களால எத்தன வருஷம் எடுக்காம விட்டு வைக்க முடியும், அங்கிள்?" என்று கேட்டார் அதிகாரி.

"நூறு வருஷம் இருப்பேன்லா தம்பி, பயப்படாதீங்க!" என்றார் இவர்.

மூவரும் சிரித்தோம். கையெழுத்துப் போட்டோம்.

மாசியில் காசிக்குப் போகலாம் என்று பணம் எடுக்கப் போனால், பங்கு விலை இறங்கிவிட்டது என்றார்கள். "இப்ப எடுத்தா நஷ்டம், ஆன்டி. கொஞ்ச வருஷம் விடுங்க, ஏறிரும்" என்றாள் கவுன்டரில் இருந்த பெண். அவள் பொய் சொல்லவில்லை. நாங்களும் காத்திருந்தோம். தேக்கா போகும்போதெல்லாம் இவர் அந்தப் படத்தைப் பார்த்து, "இவங்க இன்னும் கரை சேரல போல" என்று கிண்டல் செய்வார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கணக்கை என் பெயருக்கு மாற்றப் போனபோது அதே பெண், "நல்லா ஏறியிருக்கு, ஆன்டி, லாபம்!" என்றாள். அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பணத்தில்தான் காசிக்குப் போனேன். படகில் அவருடைய அஸ்தியை மடியில் வைத்திருந்தேன்.

இப்போது சீட்டுப் பெண்கள் ஏதாவது விளம்பரத்தைக் காட்டி யோசனை கேட்டால், "எவ்வளவு வரும்னு அப்புறம் கேளுங்க, நமக்கு எப்ப வேணும்னு முதல்ல சொல்லுங்க" என்கிறேன். "மாசிக்கு வேணும்" என்று அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த அதிகாரியே இதில் போட வேண்டாம் என்றிருப்பார்; அந்தப் படகில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம்.